ரெண்டு பார்க்குக்கும் நடுவுல

ஒரு பாலைவனத்துல மாசிலாமணி, வடிவுன்னு ரெண்டு ஒட்டகம், புருஷன் பொண்டாட்டி. வருஷத்துக்கு ஒரே நாள்தான் லீவு. அன்னிக்கு நனைஞ்சே ஆகணும்னு மக சிட்டு ஒத்தக்கால்ல நின்னுச்சு. ஒட்டகத்துக்கு அது எவ்வளவு கஷ்டம்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

"கிழக்க இருக்கற வாட்டர் பார்க்குலதான் அலை வருது. எங்கண்ணன் போனாரு"ன்னுச்சு மாசிலாமணி. அந்த அண்ணன் இருக்காரே, சறுக்குக் குழாயில திமில் மாட்டி ரெண்டு நாள் உள்ளேயே கெடந்தாரு. தீவனம்கூட குழாய் வழியாத்தான் போச்சு. அது கெடக்கட்டும்.

"எங்கக்கா மேக்க இருக்கற பார்க்குக்குத்தான் போனா. அங்க மழை டான்ஸ் இருக்காம்"னுச்சு வடிவு.

நடந்துக்கிட்டே பேசுவோம்னு புளிசோறும் தண்ணிக் கேனுமா கெளம்புனாங்க. பாதை பிரியற எடத்துல ஒரு பாறைகிட்ட நின்னு பேசுனாங்க, பேசுனாங்க, ரெண்டு பார்க்கையும் பூட்டுற நேரமே வந்துருச்சு. சிட்டு மணல்ல பொரண்டு அழுதுச்சு. வடிவுக்குப் பொறுக்கல. கேனைத் தொறந்து புள்ள தலையில கவுத்துருச்சு.

"ஐ! அலை! இன்னொரு அலைம்மா!"ன்னு சிட்டு குதிச்சுச்சு.

மறுநாள் பக்கத்து வீட்டு ஒட்டகம், "கிழக்கயாண்ணே, மேக்கயா?"ன்னுச்சு.

"ரெண்டும் இல்லப்பா. நடுவுல ஒண்ணு இருக்கு. கூட்டமே கெடையாது"ன்னுச்சு மாசிலாமணி.

அடுத்த வருஷம் போனா, அங்க நாப்பது குடும்பம் கேனோட வரிசையில நிக்குது. ஒரு உடும்பு டிக்கெட் கிழிச்சுக்கிட்டே கேட்டுச்சு: "பாறைக்கு இந்தப் பக்கம் நனையறீங்களா, அந்தப் பக்கமா?"

மாசிலாமணியும் வடிவும் வாயத் தொறக்கறதுக்குள்ள, சிட்டு கேனைப் புடுங்கித் தன் தலையில தானே கவுத்துக்கிச்சு.