எல்லாம் ஒரே இடத்தில்

“போனை இப்படிக் கொடு. இனிமே இந்த வீட்ல எல்லாம் ஒரே இடத்துல.”

கணவன் கையை நீட்டியதும் அவள் போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். யாருடைய போனில் எது இருந்தாலும் அது தானாகவே வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்கிற மாதிரி ஏதோ ஒரு சேவையில் சேர்ந்திருக்கிறான். காலையிலிருந்து அதே வேலை.

கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுத்தாள். யாருக்கும் தெரியாமல் அவள் சேர்த்து வைத்திருந்த வாடகை வீட்டுப் படங்கள் அதில் இருந்தன. எல்லாமே இரண்டு படுக்கையறை வீடுகள். ஓர் அறை அவளுக்கும் அவனுக்கும், இன்னொன்று அவள் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார.

இந்த வீட்டில் குளிக்கும்போது தவிர எந்தக் கதவையும் அவள் சாத்தியதில்லை. தனிக்குடித்தனம் என்று வாயைத் திறந்தாலே அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். “நான் இல்லாம அம்மா ஒரு நாள் இருப்பாங்களா?” என்பான்.

அந்த அம்மா சோபாவில் டேப்லெட்டும் கையுமாக இருந்தார். மகன் திரும்பியதும் அதைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

“உன்னோடதையும் கொடும்மா.”

“இதுல என்னப்பா இருக்கு? சார்ஜும் இல்ல.”

“ஒயரைச் சொருகிட்டாப் போச்சு.”

பிடுங்காத குறையாக வாங்கிச் சொருகினான். அவன் மனதில் கள்ளமே கிடையாது, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம்.

திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது.

“ஏங்க, சாயங்காலமா பண்ணிக்கலாமே.”

“நடுவுல நிறுத்தினா எல்லாம் குழம்பிடும். நீ உட்காரு.”

உட்கார்ந்தாள். போன் அவன் கைக்கு அடியில் இருந்தது. எழுந்து போகலாம் என்றால் வழியில் மாமியார். அவர் முகத்திலும் ஈயாடவில்லை, திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு இரண்டு பேரிடமும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

முதல் படம் வந்து விழுந்தது. வெள்ளைச் சுவர், காலி அலமாரி.

“இது யார் வீடு?” என்றான் அவன்.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். “அது வந்து… கோபப்படாதீங்க. நான்தான்…”

சொல்லிக்கொண்டே கண்ணைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். இந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. மொத்த வீடே ஒரே அறைதான். அதில் ஒற்றைக் கட்டில், ஜன்னலோரம் ஒரே ஒரு நாற்காலி.

சோபாவிலிருந்து மாமியார் தொண்டையைச் செருமினார்.

“அது என்னோடதுப்பா. சாவி வாங்கியாச்சு.”