நிலாவுக்குப் போன பையன்

"அந்தப் படத்துக்கு ஒருத்தரும் போவாதீங்க. காசுக்குப் புடிச்ச கேடு!" என்றான் அப்பாவு.

குழாயடியில் குடத்தோடு நின்றிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த நீலமேகத்துக்குத்தான் சுருக்கென்றது.

பின்னே? அந்தப் படத்தின் கதையை ராயபுரத்தில் அந்தத் தெருவுக்குச் சொன்னவனே அப்பாவுதான்.

சண்டைக் காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடியது. ஓடுவதற்கு ஊர் இல்லாதவர்கள் தெருவிலேயே தங்கிவிட்டார்கள். ஹார்பரில் குடோன் குமாஸ்தாவாக இருந்த அப்பாவு, எந்தக் கப்பல்காரனோ விட்டுப்போன பழைய இங்கிலீஷ் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாயங்காலம் தோறும் கதை சொல்வான். விளக்கேற்றக் கூடாது என்று உத்தரவு. இருட்டுவதற்குள் அன்றைய கதையை முடித்தாக வேண்டும்.

நாலு பேர் ஆகாயக் கப்பலில் நிலாவுக்குப் போகிறார்கள். அதில் ஒருத்தன் கரி அள்ளிப் போடுகிற பையன்.

கதை கேட்க முதல் ஆளாகக் கருவாட்டுக் கூடையை இறக்கிவைத்து உட்காருவாள் பச்சையம்மா. அவள் மகன் சுப்புராயனும் அப்போது கப்பலில் கரி அள்ளப் போயிருந்தான். போனவனிடமிருந்து ஒரு சேதியும் இல்லை.

கடைசி நாளில் அப்பாவு சொன்னதை நீலமேகம் இன்னும் மறக்கவில்லை. ஆகாயக் கப்பல் கடலில் வந்து இறங்குகிறது. ஹார்பரில் காத்துக்கொண்டிருந்த பையனின் அம்மா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறாள். தெருவே அழுதது.

சண்டை முடிந்தது. சுதந்திரமும் வந்தது. சுப்புராயன் மட்டும் வரவில்லை.

இப்போது அதே கதை படமாகி வண்ணாரப்பேட்டைக் கொட்டகைக்கு வந்திருக்கிறது. மாட்டு வண்டியில் தம்பட்டம் அடித்து நோட்டீஸ் வீசிப் போன நாளிலிருந்து தெருவுக்கு வேறு பேச்சே இல்லை. இங்கிலீஷ் படமாக இருந்தால் என்ன? கதைதான் எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிற்றே!

இந்த நேரத்தில் போகாதே என்கிறானே, வயிற்றெரிச்சல்தானே இது? சாயங்காலம் அப்பாவு ஹார்பரிலிருந்து வந்ததும் நீலமேகம் நேராக அவன் வீட்டுக்கே போய்விட்டான்.

"இன்னா மாமு, கதை இன்னா உன் அப்பன் வூட்டுச் சொத்தா? இனிமே உன்கிட்ட எவனும் கதை கேக்க மாட்டான்னு பேஜாரா கீதா?"

அப்பாவு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ இன்னா சொன்னாலும் ஜனங்க போவத்தான் போவுது. பச்சையம்மாக்கா இன்னிக்கு யாவாரத்தயே வுட்டுட்டு, நம்ம தெருப் பொம்பளைங்கள இட்டுகினு மேட்னிக்குப் போயிடுச்சு."

"அக்காவா? போயிடுச்சா?"

அப்பாவுவின் முகம் வெளுத்துப்போயிற்று. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"புஸ்தகத்துல அந்தப் பையன் திரும்பி வரல மாமு."

"இன்னாது?"

"கப்பல் பாரம் தாங்கலன்னு அவனே எறங்கிக்கிறான். மத்த மூணு பேரும் வந்துடறாங்க. அவன் அங்கியே நின்னுடறான். அம்மான்னு ஒருத்தி அந்தப் புஸ்தகத்துலயே கெடையாது. அக்கா என் மூஞ்சியையே பாத்துகினு குந்திகினு இருந்துது. எப்டி மாமு அதைப் படிப்பேன்?"

"எந்திரி மாமு, படம் முடியறதுக்குள்ள போயிடலாம்!" என்றான் நீலமேகம். அப்பாவுவின் கையைப் பிடித்துத் தூக்கினான். இருவரும் ஓட்டமும் நடையுமாக வண்ணாரப்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது, மேட்னி விட்டுக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது.

தெருப் பெண்கள் சூழக் கடைசியாக வந்தாள் பச்சையம்மா. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அப்பாவு இரண்டு கையையும் கூப்பினான். "யக்கா…"

"வந்துட்டான் அப்பாவு!" என்றாள் அவள். "நீ சொன்னியே, அப்டியே வந்துட்டான். அம்மாக்காரி ஹார்பர்ல நின்னுகினு இருந்தா. ஓடிப்போய்க் கட்டிகினா. இன்னா ராஜாத்தி, சொல்லேன்."

"ஆமாண்ணா, அப்டியேதான்" என்றாள் ராஜாத்தி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அப்பாவு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "பாத்தியா மாமு, சினிமாக்காரனுக்கும் மனசு வந்துகீது!"

பேசிக்கொண்டே அவர்களோடு வீட்டுக்கு நடந்தான்.

நீலமேகம் போகவில்லை. அந்த அம்மாவும் பிள்ளையும் கட்டிக்கொள்வதைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்று அடுத்த ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் வாங்கி உள்ளே போனான்.

நிலாவில் கப்பல் கிளம்பியது. பையன் கீழே தனியாக நின்று கையை ஆட்டினான். கப்பல் புள்ளியாகச் சிறுத்து மறைந்தது. அவன் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

திரையில் அம்மா யாரும் வரவில்லை. விளக்குப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலையில் குழாயடியில் ஒரே கும்பல். நடுவில் அப்பாவு நின்று, மறுபடியும் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். நீலமேகத்தைக் கண்டதும் நிறுத்தினான்.

"மாமு, நீயும் பாத்துட்டியாமே! இன்னிக்கு ஹார்பருக்கு லீவு போட்டுட்டு நானும் ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

குடம் நிரம்பி வழிந்தது, ஒருத்தியும் எடுக்கவில்லை. பச்சையம்மா நீலமேகத்தையே பார்த்தாள்.

"உனக்கு இன்னாத்துக்கு மாமு டிக்கெட் தண்டம்?" என்றான் நீலமேகம். "நீ சொன்னதையேதான் அப்டியே எடுத்து வச்சிகீறான்."