லுபர்ட் மட்டும் பார்த்த செயற்கைக்கோள்

"பச்சைப் பொய்! அதுவும் லுபர்ட்!"

ரூலோஃபுக்குக் கோபம் தாங்கவில்லை. எந்த நாட்டுடையது என்றே தெரியாத செயற்கைக்கோள் ஒன்றை, பொழுதுபோக்காக வானம் பார்க்கும் அவர்கள் குழு மாதக்கணக்கில் துரத்திக்கொண்டிருந்தது. அவரவர் ஊரில் அது கடக்கும் நொடியைக் குறித்து அனுப்புவார்கள். அதை வைத்துத்தான் அது யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நேற்று அது கணித்த நேரத்துக்கு வரவேயில்லை. பாதையை மாற்றிக்கொண்டுவிட்டது. நெதர்லாந்து முழுக்க எல்லோரும் வெறும் வானத்தைப் பார்த்து ஏமாந்தார்கள்.

லுபர்ட் மட்டும், 'பார்த்தேன். கணித்த நொடியில் கடந்தது' என்று எழுதியிருந்தார்.

பார்க்காமலே எழுதுவதா? 'லுபர்ட் பொய்யர். இனி அவர் அனுப்புவது எதையும் சேர்க்காதீர்கள்' என்று மத்தியானமே குழுவுக்கு மெயில் தட்டிவிட்டான். முகத்துக்கு நேராகவும் கேட்டுவிடலாம் என்று சாயங்காலம் சைக்கிளை எடுத்தான்.

தோட்டத்தில் லுபர்ட் ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"யாரு?" என்றார், அவன் எதிரில் நிற்கும்போதே.

"ரூலோஃப்தான்" என்ற அவர் மனைவி கோரி, அவனைச் சற்றுத் தள்ளி அழைத்துப்போனாள்.

"பனிக்காலத்துலயே பார்வை போச்சுப்பா. வெளியில சொல்லக்கூடாதுன்னுட்டார். நான் பார்த்து 'இப்போ'ன்னு சொன்னா, அவர் அழுத்துவார்."

"உங்களுக்குப் பார்க்கத் தெரியுமா?"

"எனக்கு எது நட்சத்திரம், எது விமானம்னே தெரியாது. போன்ல கணிச்சுப் போட்டிருக்கிற நேரம் வந்ததும் 'இப்போ'ன்னுடுவேன். இதுவும் இல்லேன்னா மனுஷன் ஒடிஞ்சிடுவார்."

மத்தியானம் தட்டிவிட்ட மெயில் ரூலோஃபுக்கு நினைவுக்கு வந்தது.

"கோரி, குழு மெயில் வந்திருக்கா? படியேன்!" லுபர்ட் குரல் கொடுத்தார்.

ஐயோ, தடுப்பதற்குள் அவள் திறந்துவிட்டாள். படித்தாள். ரூலோஃபை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ரூலோஃப் எழுதியிருக்கான். 'நேத்து நாங்க எல்லாரும் கோட்டை விட்டோம். லுபர்ட் ஒருத்தர்தான் பிடிச்சார்.'"

லுபர்ட் சிரித்தார். "அப்போ பயலுக்குக் காபி கொண்டா. பிஸ்கட் ஒண்ணு போதாது, ரெண்டா வை!"

அவள் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது.

"வானத்தைப் பார்க்கிற மாதிரியேதான் மெயிலையும் படிக்கிறா. இத்தனை வருஷமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவ, இப்போ தினம் என் பக்கத்துல வந்து நிக்கிறா. அதுக்காகத்தான் பொய்னு தெரிஞ்சும் அனுப்பிட்டிருந்தேன், தப்புதான்."

ஸ்டாப்வாட்சைத் தடவியபடி கேட்டார்:

"நீ சொல்லு ரூலோஃப். நிஜமா என்ன எழுதியிருந்தே?"