பாட்டிலுக்கு வந்த வலிப்பு

மூளை ஸ்கேன் இயந்திரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் நோயாளிகளுக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலைத்தான் உள்ளே படுக்க வைப்பார்கள். அன்று பாட்டிலின் படத்தில் கணினி ஒரு சிவப்புப் பொட்டு வைத்து, "உனக்கு வலிப்பு கிளம்புவது இங்கிருந்துதான்" என்றது.

பாட்டிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடப்பாவி! மூளையே இல்லாத எனக்கு வலிப்பா?"

"ஆயிரம் இடத்தில் தேடினால் எங்காவது ஒன்று சிவக்கத்தான் செய்யும். பொட்டு இல்லாத படத்தைக் கொடுத்தால் டாக்டர் முகம் சுளிக்கிறாரே!"

"நேற்று வலிப்புக்காக ஸ்கேன் எடுக்க வந்தாரே, அந்த டீச்சரம்மா தலையிலும் இதே இடத்தில்தானே வைத்தாய்?"

"சரி, கத்தாதே. உன் படத்தை அழித்துவிடுகிறேன்."

சொன்னபடியே அழித்தது. பாட்டில் கத்துவதை நிறுத்தவில்லை. அடுத்த அறையில் ஆபரேஷனுக்காக டீச்சரம்மாவின் தலையை மழித்துக்கொண்டிருந்தார்கள்.