சருகு பெருக்கும் மாமியார்

"ஐயோ அம்மா, அந்தத் துடைப்பத்தைக் கீழே போடு!"

வாருங்கள் கண்ணுகளா, இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள். கத்தியது யார், எதற்குக் கத்தினான் என்று சொல்கிறேன். சின்னக் கதைதான், அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

கத்தியவன் எலக்ட்ரீஷியன். ஊருக்கெல்லாம் விளக்கு எரிய வைப்பவன். அவன் வீட்டில்தான் இரண்டு மாதமாக இருட்டு. ஏழு மாதம் சுமந்த பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அவன் மனைவி அறைக்குள் முடங்கிவிட்டாள். கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

வீட்டைச் சுற்றி அரை ஏக்கர். அத்தி, கொய்யா, எலுமிச்சை, அவற்றின் பக்கத்தில் மாதுளை, அதற்கும் கீழே வருஷம் முழுக்கக் கிள்ளிச் சாப்பிடுகிற கீரைச் செடிகள் என்று எல்லாம் அவள் கையால் நட்டவை. ஒவ்வொரு கன்றின் காலடியிலும் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டிருந்தாள். அது இல்லாவிட்டால் இந்த வெயிலுக்கு வேர் வெந்துவிடும்.

துணைக்கு வந்த அவன் அம்மாவோ, பத்து நாளாக அந்தச் சருகைத்தான் பெருக்கிப் பெருக்கிக் குவிக்கிறாள்.

"குப்பைடா இது. பாம்பு வந்து குடித்தனம் பண்ணும்."

"குப்பை இல்லம்மா, மூடாக்கு! எத்தனை தடவை சொல்றது?"

"மூடாக்கோ மூக்கடைப்போ, எனக்குத் தரை தெரியணும்."

அதற்குள் கதவு திறந்தது. மருமகள் கூடையோடு வந்தாள். தலை வாரவில்லை, முகம் வெளுத்துக் கிடந்தது. குவித்த சருகை அள்ளி மறுபடியும் கன்றடியில் பரப்பத் தொடங்கினாள். தினமும் இதே கூத்துதான். நொந்த உடம்பு இந்த வெயிலில் சருகு அள்ளுகிறதே என்றுதான் அவன் அப்படிக் கத்தினான். இத்தனை நாளும் அவள் வாய் திறக்காமல் செய்தாள். இன்று திறந்துவிட்டாள்.

"அத்தை, உங்களுக்குக் கண்ணு தெரியலையா? மாதுளை வாடுது பாருங்க."

"நாலு இலை வாடினா உலகம் அழிஞ்சிடுமா?"

"எனக்கு அழிஞ்சிடும்! இதுங்களையாவது எனக்கு விட்டு வைங்க!"

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு, வாசலோரம் இருந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

மகனுக்குப் பொறுக்கவில்லை. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது பெற்ற தாயாக இருந்தால் மட்டும் சும்மா இருக்க முடியுமா?

"நாளைக்குக் காலைல பஸ் ஏறிடும்மா. அவளைத் தேத்த வாம்மான்னு கூப்பிட்டா, நீ அவளை அழ வைக்கறே."

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "பின்னால கொடியில என் புடவை காயுது. எடுத்துட்டு வா, பையில வைக்கணும்," என்றாள்.

வீட்டுக்குப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றுவிட்டான். அங்கேயும் இருபது கன்றுகள். ஒவ்வொன்றின் காலடியிலும் புதுச் சருகு, ஒரு சாண் உயரத்துக்கு. தண்டில் படாமல் நான்கு விரல் தள்ளி, வட்டமாக, பூப்போலப் பரப்பித் தண்ணீரும் தெளித்திருந்தது.

புடவையை எடுக்க மறந்து திரும்பி வந்தான்.

"பின்னால யாரும்மா மூடாக்குப் போட்டது?"

"மெதுவாப் பேசுடா, அவ காதுல விழப்போகுது." அம்மா தொட்டிப் பக்கம் பார்த்தாள். மருமகள் குடத்தை நிறைத்துக்கொண்டு எதையோ முணுமுணுத்தபடி வந்துகொண்டிருந்தாள். "அவ ஜன்னல்லேருந்து தெரியற கன்னுகளை மட்டும்தான் பெருக்கறேன். நீ கூப்பிட்டே, டாக்டர் கூப்பிட்டார், எழுந்து வந்தாளா? இன்னும் நாலு நாள் அவகிட்ட திட்டு வாங்கிட்டுப் போறேனே."

உங்கள் வீட்டில் வைத்த கன்றெல்லாம் வேர் பிடிக்கட்டும். முடங்கிப் படுத்தவர்கள் எழுந்து வெயிலுக்கு வரட்டும். நன்றாயிருங்கள்.