சட்டம் போட்டவன் பேரு

"மணிக்கு எவ்வளவும்மா தர்றாங்க உங்களுக்கு?"

சூப்பை ஒரு வாய் வாங்கிக்கொண்டு கேட்டார் ஹாலிஸ்டர். எண்பத்திரண்டு வயது, மறதி நோய். நாளையிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்ளப் போகிற லட்ரீஸ், இதுவரை அவரைப் பார்த்துவந்த ஏர்லீனிடம் இன்று வேலை பழக வந்திருந்தாள்.

"ஏழே முக்கால் டாலர் சார்," என்றாள் லட்ரீஸ்.

"அநியாயமா இருக்கே! அதுல எப்படிப் பிழைக்கிறது?"

லட்ரீஸுக்கு வாய் சும்மா இருக்குமா?

"நம்ம நகரசபை பத்தா ஏத்திச்சு சார். அந்த மூணு மாசம்தான் வாடகைக்கு யார்கிட்டயும் கையேந்தாம இருந்தேன். அதுக்குள்ள, எந்த ஊரும் தானா கூலியை ஏத்தக்கூடாதுன்னு மாநிலத்துல சட்டம் போட்டு இறக்கிட்டாங்க."

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தப் படுபாவி போட்டான்? பேரைச் சொல்லு! இப்பவே கடுதாசி எழுதறேன்."

லட்ரீஸ் ஏர்லீனைப் பார்த்தாள். அந்தச் சட்டத்தை எதிர்த்து, கொளுத்தும் வெயிலில் அட்டை பிடித்து ஊர்வலம் போனவள் ஏர்லீன். அவளுக்கா தெரியாது?

"தெரியாது சார்," என்றாள் ஏர்லீன். "சூப் ஆறிடும், குடிங்க."

அவர் குடிக்கவில்லை. சோப்புத் தண்ணீரில் வெடித்துப்போயிருந்த அவள் கையை எடுத்துத் தடவிக்கொடுத்தார்.

"நான் இருக்கேன்மா. விடமாட்டேன் அவனை."

ஏர்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர் அசந்து தூங்கியதும் லட்ரீஸ் பொரிந்து தள்ளினாள். "என்னக்கா நீ? ஊர்வலத்துல தொண்டை கிழியக் கத்தினியே! நமக்காக ஒரு மனுஷன் கோபப்படறார், அவர்கிட்ட பேரைச் சொல்ல உனக்கு என்ன பயம்?"

"பயமில்லைடி. தினமும் கேக்கறார். நாளைக்கு உன்கிட்டயும் கேப்பார். தெரியாதுன்னே சொல்லிடு. சொன்னா மனுஷன் தாங்கமாட்டார்."

அலமாரியில் போர்வைகளுக்கு அடியிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு படத்தை உருவி, ஏர்லீன் அவளிடம் நீட்டினாள்.

அந்தக் கூலிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட கவர்னர், வழக்கம்போல அந்தப் பேனாவை, சட்டத்தைக் கொண்டுவந்த சட்டசபை உறுப்பினருக்கே பரிசாகக் கொடுக்கிறார். வாயெல்லாம் பல்லாக அதை வாங்கிக்கொண்டிருந்தவர், ஹாலிஸ்டர்.