கண்ணில் படாத இரண்டு டெராபைட்

"நேத்தே இடம் குடுத்திட்டன் தங்கச்சி" என்றான் சயந்தன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடுத்தா எங்கண்ணா? என் சேர்வர்ல வரலயே!" என்றாள் இராஜகுமாரி.

"சேர்வரைத் திரும்ப ஒருக்காத் தேடச் சொல்லிப் பாருங்கோ."

"ஏழு தடவை தேடச் சொல்லியாச்சு. ரெண்டு தடவை நிப்பாட்டிப் போட்டாச்சு. கேபிளும் மாத்தியாச்சு. இனி தேங்காய் உடைக்கிறது மட்டுந்தான் பாக்கி."

சயந்தன் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பாப்பம்" என்று திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அங்கேதான் இராஜகுமாரிக்கு மூக்கில் வேர்த்தது.

தோட்டத்துக் குடும்பங்களின் காணி, வீட்டு உரிமை விண்ணப்பங்களுக்கு உதவும் கண்டி அலுவலகம் அது. அவர்களின் பிறப்பு, விவாகப் பத்திரங்களை ஸ்கேன் செய்து சேர்வரில் ஏற்றுவதும், வாராவாரம் வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்து வைப்பதும் இராஜகுமாரியின் பொறுப்பு. மூன்று வருடப் பத்திரங்களால் பழைய சேர்வர் வாய்வரை நிறைந்துவிட்டது. இப்போது புதியது வந்திருக்கிறது. அதற்கு, மேல்மாடிச் சேமிப்புப் பெட்டியிலிருந்து இரண்டு டெராபைட் இடம் ஒதுக்கித் தரவேண்டியவன் சயந்தன்.

திங்கட்கிழமை ஹுன்னஸ்கிரியவிலிருந்து நாற்பது குடும்பங்கள் வேலையை விட்டுவிட்டு வருகின்றன. இடமில்லை என்று திருப்பி அனுப்புவதா? போன மழையில் மண் சரிந்து, வீட்டோடு மூலப் பத்திரமும் புதைந்துபோன அறுபது குடும்பங்களுக்கு இந்த அலுவலகத்துப் பிரதிதான் ஒரே ஆதாரம். அது தெரிந்துதானே ஹுன்னஸ்கிரியக்காரர்களும் வருகிறார்கள்.

'யாழ்ப்பாணத்து ஆளுக்குத் தோட்டத்துச் சனத்தோட கடதாசின்னா இளப்பந்தான்' என்று அவள் மனம் முணுமுணுத்தது. ஆனால் பேராதனைப் பல்கலைக்கழக விவாத அணியில் இருந்தவள் அவள். ஆதாரமில்லாமல் வாயைத் திறக்க மாட்டாள்.

ஆதாரம் பத்து நிமிடத்தில் கிடைத்தது.

எந்த இடம் எந்தக் கம்பியூட்டருக்கு என்று அந்தச் சேமிப்புப் பெட்டி ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதில் பெயர் இல்லாத சேர்வர் தலைகீழாக நின்றாலும் இடம் கண்ணில் படாது. பட்டியலைப் பார்க்க மட்டும் இராஜகுமாரிக்கும் அனுமதி உண்டு. திறந்தாள்.

இரண்டு டெராபைட்டுக்கு நேரே அவள் சேர்வரின் பெயர் இல்லை. இருந்தது சயந்தனின் சொந்தக் கம்பியூட்டரின் பெயர். அதுவும் காலி இல்லை. ஒரே நாளில் முப்பத்தெட்டு வீதம் நிறைந்திருந்தது!

பட்டியலை அச்செடுத்துக்கொண்டு நேரே பணிப்பாளர் சேதுராமனின் அறைக்குப் போனாள். சயந்தனையும் கூப்பிட்டார்கள்.

"என்னப்பா இது?" என்றார் சேதுராமன்.

சயந்தன் தாளைப் பார்த்தான். பிறகு இராஜகுமாரியைப் பார்த்தான்.

"என்ர பிழை சேர். பேர் மாறிப் போச்சு."

"மாறினா வேற யார் பேருக்காவது மாறணும். பார்த்துப் பார்த்து உன் பேருக்கேவா மாறும்?"

சயந்தன் தாளை மேசையில் திருப்பி வைத்தான்.

"பிழைன்னா, முப்பத்தெட்டு வீதம் எப்படிங்க நிறைஞ்சிச்சு?" இராஜகுமாரி விடவில்லை. "உள்ள என்ன, சினிமாப் படமா? தோட்டத்துச் சனந்தானே, யாரு வந்து கேட்கப் போறாங்கன்னு நினைச்சிட்டீங்க. நான் கேட்பேன் சேர். அந்தப் பத்திரம் ஒவ்வொண்ணையும் என் கண்ணு மாதிரி வச்சிருக்கேன்."

"அதில சந்தேகமில்லம்மா" என்றார் சேதுராமன். சயந்தனிடம் குரல் மாறியது. "நாளைக்குக் காலையில விளக்கக் கடிதம் என் மேசையில இருக்கணும். இந்த மாசத்துக்கு மேல உன்னை வச்சிருக்கிறதா இல்லையான்னு அதைப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"ஓம் சேர்."

மாடிப்படியில் அவனுக்குப் பின்னாலேயே ஏறினாள் இராஜகுமாரி. வென்றாகிவிட்டது. ஆனாலும் எதிராளி ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் தோற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் வாயை மூடிக்கிட்டு நின்னீங்க? என்னதான் அண்ணா ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடும். பிறகு இடம் உங்கட சேர்வரிலயே தெரியும்."

"என்ன முடியும்?"

சயந்தன் பெருமூச்சு விட்டான். கதிரையை இழுத்துப் போட்டுத் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

கலஹா. நாவலப்பிட்டி. ஹுன்னஸ்கிரிய. அவள் கையால் பெயர் வைத்த கோப்புகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

"இது... என் பத்திரங்களாச்சே!"

"பழைய சேர்வரின்ர டிஸ்க் செவ்வாய்க்கிழமையில இருந்து செத்துக்கொண்டிருக்கு. முழுசாப் போறதுக்குள்ள இழுத்தெடுக்க வேணும். வேற இடம் இருக்கேல்ல. அதுதான் உங்கட ரெண்டு டெராபைட்டை என்ர பேரில போட்டனான்."

"அந்த அறுபது குடும்பத்தோடது?"

"அதைத்தான் முதல்ல எடுத்தனான். எல்லாம் இருக்கு."

இராஜகுமாரிக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது.

"இதை நேரா சேர்கிட்ட சொல்றதுக்கென்ன? நல்ல காரியத்தை எதுக்கு இப்படிக் கள்ளத்தனமாச் செய்யணும்? வேலை போற அளவுக்கு?"

"சொன்னா, வெளி டிஸ்க்கில பிரதி இருக்குமே எண்டு கேப்பார். நானும் அதைத்தான் முதல்ல போய்ப் பாத்தனான். போன சித்திரைக்குப் பிறகு அதில ஒண்டுமே இல்லை."

இராஜகுமாரி திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"பிறகு அதைப் பதியிற கொப்பியைக் கேப்பார்" என்றான் சயந்தன், குரலைத் தாழ்த்தி. "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை 'பிரதி எடுத்தாச்சு' எண்டு அதில விழுந்திருக்கிற கையெழுத்து என்ர இல்லைத்தானே, தங்கச்சி?"